கையைத் தூக்க முடியாத கட்டிங் மாஸ்டருக்கு எவ்வளவு கேட்பது?

12.02.2024, காலை. கேள்வி: அவிநாசிப் பக்கத்து வாசகி

என் வீட்டுக்காரர் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். 2022 ஜூலையில் கழுத்தின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கட்டியை எடுத்தார்கள். அரை மணி நேர வேலை, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள், போயும் விட்டோம். நாலாம் நாள் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இரண்டு தடவை போய்ச் சொன்னதற்கு 'எக்சர்சைஸ் பண்ணுங்க' என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் நரம்புப் பரிசோதனை செய்தபோதுதான் தோளைத் தூக்கும் நரம்பு அறுபட்டிருப்பது தெரிந்தது. இப்போது வயது 36. மாதம் 28,000 வாங்கினவர் அதே கம்பெனியில் 11,000க்கு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருக்கிறார். மருத்துவ போர்டு 35 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறது. வக்கீல் 5 லட்சம் கேட்போம் என்கிறார். இது என்ன கணக்குங்க அண்ணா?

12.02.2024, இரவு 10.40

5 லட்சம் எந்தக் கணக்கும் இல்லை தங்கச்சி. அது வக்கீல் வாயில் வந்த எண். நான் வக்கீல் இல்லை, பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். என் தம்பிக்காக இதே வழியில் ஏழு வருடம் நடந்தவன்.

மருத்துவக் கவனக்குறைவால் போன வருமானத்துக்கென்று தனிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. வாகன விபத்து வழக்குகளில் இருந்து கடன் வாங்கித்தான் போடுகிறார்கள். 2009 சர்லா வர்மா தீர்ப்பில் வயதுக்கு ஒரு மல்டிப்ளையர், அதாவது பெருக்கும் எண். 2017 பிரணய் சேத்தி தீர்ப்பில் வருங்காலச் சம்பள உயர்வுக்கு ஒரு சதவீதம். மாதம் 28,000 என்றால் வருடம் 3,36,000. 40 வயதுக்குள், நிரந்தர வேலை என்று சொல்ல முடியாதவர் என்றால் 40 சதவீதம் கூட்டு: 4,70,400. சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழி: 3,13,600. அதில் 35 சதவீதம் 1,09,760. 36 வயதுக்கு எண் 15. ஆக 16,46,400.

வைத்தியச் செலவு, வலி வேதனைக்கு உண்டானது எல்லாம் தனி.

13.02.2024, காலை 6.15

ராத்திரி போட்டது தப்பு. பால் ஊற்ற எழுந்தபோது உறைத்தது. மூன்றில் ஒரு பங்கு கழிப்பது செத்துப்போனவர்களுக்கு. அவர் தனக்குச் செலவழித்திருப்பதைக் கழித்து மிச்சத்தைக் குடும்பத்துக்குக் கொடுக்கிற கணக்கு அது. உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார், சட்டை போடுகிறார். கழிக்கக் கூடாது. 2010 ராஜ்குமார் தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனை நேற்று ராத்திரி கணக்கில் கொன்றுவிட்டேன், மன்னிக்கணும்.

13.02.2024, காலை 9.50

இன்னொரு தப்பும் இருக்கிறது, ஆபீஸ் வந்து பட்டியலைப் பார்த்தேன். எந்த நாள் வயது? ஆபரேஷன் நடந்த நாளின் வயது. இப்போது 36 என்கிறீர்கள், 2022 ஜூலையில் 34ஆக இருந்திருப்பார். 31 முதல் 35 வரை எண் 16. 36 ஆனால்தான் 15.

திருத்தின கணக்கு: 4,70,400இல் 35 சதவீதம் 1,64,640. பதினாறால் பெருக்கினால் 26,34,240. ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் 9,87,840 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். எங்கள் கம்பெனியில் இப்படிப் போட்டிருந்தால் முதலாளி பென்சிலாலேயே குத்தியிருப்பார்.

13.02.2024, மதியம்

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் கேட்கிறார்: 60 வயது வரை இன்னும் 26 வருடம் உழைப்பாரே, ஏன் 16ஆல் மட்டும் பெருக்குவது, மீதி பத்து வருடத்தை யார் சாப்பிட்டார்கள்?

உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். தென்னந்தோப்பைப் பத்து வருடம் பாட்டத்துக்கு விட்டு மொத்தப் பணத்தையும் இன்றைக்கே வாங்கினால் வருடப் பாட்டத்தைப் பத்தால் பெருக்கியா கொடுப்பார்கள்? குறைத்துத்தான் கொடுப்பார்கள். முழுப் பணமும் கையில் இருந்தால் வட்டி வரும், தோப்பு நடுவில் காய்ந்தும் போகலாம். மனுஷனுக்கும் அதே. வயது ஏற ஏற எண் இறங்கும்: 15 முதல் 25 வரை 18, அப்புறம் 17, 16, 15, 14, 13, ஐம்பதைத் தாண்டினால் 11, 9, 7, அறுபத்தைந்துக்கு மேல் 5.

14.02.2024, இரவு

எல்லோரும் பெருக்கும் எண்ணையே பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள். அது பட்டியலைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எடுக்கிற விஷயம். சண்டை இருப்பது இரண்டு இடத்தில்: அந்த 28,000, அந்த 35.

முதலில் 35. போர்டு சொல்வது உடம்பின் ஊனம். வழக்கில் வேண்டியது பிழைப்பில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது. ராஜ்குமார் தீர்ப்பிலேயே உதாரணம் இருக்கிறது: இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ வருமானம் ஏறக்குறைய நூறு சதவீதமும் போகலாம், அதே கை போன அரசு கிளார்க் வேலையில் தொடரலாம்.

கட்டிங் மாஸ்டர் என்றால் கோட்டு போட்டு நிற்கிற ஆள் என்று நீதிபதிக்கு ஒரு நினைப்பு வரலாம். துணி ரோலை மேஜைமேல் மடிப்பு மடிப்பாக விரித்து லே போடும்போது கை எந்த உயரத்துக்குப் போகிறது, நூறு மடிப்புத் துணிமேல் கட்டிங் மிஷினை அழுத்திப் பிடித்து வளைவில் திருப்பும்போது தோளில் எவ்வளவு பாரம் விழுகிறது, அந்த வளைவு ஒரு நூல் பிசகினால் நூறு கழுத்துப் பட்டை குப்பைக்குப் போகும், இதையெல்லாம் மனுவில் எழுதுங்கள். போன் கேமராவில் வேறு மாஸ்டர் ஒருவர் வேலை செய்வதைப் பத்து நிமிடம் எடுத்து வையுங்கள். நரம்பு டாக்டரிடமும் 'இவரால் இந்த வேலையைச் செய்ய முடியாது' என்று வேலையின் பெயரைச் சொல்லி எழுதி வாங்குங்கள். வெறும் சதவீதம் போதாது.

சம்பளமே இன்னொரு சாட்சி. 28,000 வாங்கினவர் 11,000 வாங்குகிறார், போனது 17,000. அறுபது சதவீதம் சொச்சம். 60 என்றே வைத்துக்கொண்டால் 4,70,400இல் 2,82,240, பதினாறால் பெருக்க 45,15,840.

15.02.2024

கேட்டவரே சேதி போட்டிருக்கிறார்: பிஎஃப் ஸ்லிப்பில் சம்பளம் 12,000தானாம். மீதி சனிக்கிழமை கவரில்.

நினைத்தேன்.

12,000ஐயும் 35 சதவீதத்தையும் வைத்துப் போட்டுப் பார்த்தேன்: 11,28,960. அதே மனுஷன், அதே தோள், அதே நரம்பு, பதினோரு லட்சத்துக்கும் நாற்பத்தைந்து லட்சத்துக்கும் நடுவில் கிடக்கிறார். ஆகவே இனிமேல் இங்கே மல்டிப்ளையர் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் இல்லை.

15.02.2024, இரவு 11.30

தம்பி கதையைச் சொல்லிவிடுகிறேன். பல்லடத்து அண்ணன் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

2012. தம்பிக்கு 29 வயது, ஓவர்லாக் டெய்லர். டிவிஎஸ் 50இல் போய் மண்ணில் சறுக்கி முன்கை உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம். அன்றைக்கு ராத்திரியே விரல்கள் வீங்கி நாவற்பழக் கலருக்கு வந்துவிட்டன. விரலை லேசாக நீட்டிவிட்டாலும் கத்தினான். நர்சம்மா 'கட்டுப் போட்டா அப்படித்தான் இருக்கும்' என்றார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது உள்ளே தசை இரத்தம் இல்லாமல் செத்துப்போயிருந்தது. சில மணி நேரத்துக்குள் கட்டைத் தளர்த்தி, தேவையானால் தசை உறையைக் கீறிவிட்டிருக்க வேண்டுமாம். இப்போது விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே இருக்கின்றன. ஊசியில் நூல் கோக்க வராது. அரிவாள் பிடி மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று அவனே சிரிப்பான்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "கை உடைஞ்சது எங்களாலங்களா?"

நியாயமான கேள்வி. நல்ல கைக்கும் இன்றைய கைக்கும் உள்ள வித்தியாசத்தை முழுசாக ஆஸ்பத்திரி தலையில் கட்ட முடியாது. ஒழுங்காக வைத்தியம் பார்த்திருந்தால் அந்த உடைந்த கை எப்படி ஆகியிருக்குமோ, அதற்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர்கள் பொறுப்பு. மூன்று மாதம் எப்படியும் வேலைக்குப் போயிருக்க மாட்டான், அந்த மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்டது எங்கள் தப்பு. விபத்து வழக்குக்கும் வைத்திய வழக்குக்கும் பெரிய வித்தியாசமே இதுதான்: நோயாளி ஏற்கெனவே ஏதோ ஒரு குறையோடுதான் உள்ளே போகிறார்.

அவிநாசித் தங்கச்சிக்கு இதில் கவலை குறைவு. கட்டி கழுத்தில், போனது தோள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை லே போட்டுக்கொண்டிருந்தவர்.

16.02.2024

நேற்று எழுதினதில் 'கவலை குறைவு' என்றது கொஞ்சம் அவசரம். ஒரு டாக்டர் வாசகர் (கோபத்தோடுதான்) எழுதியிருக்கிறார்: அந்த இடத்தில் கட்டி எடுக்கும்போது நரம்பு அடிபடுவது மருத்துவத்தில் தெரிந்த சிக்கல், நடந்ததாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது என்கிறார். சரிதான். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பும் அதைத்தான் சொல்கிறது: பலன் மோசமானதாலேயே டாக்டர் குற்றவாளி இல்லை, சாதாரணத் திறமையுள்ள டாக்டர் எடுக்கிற கவனத்தை எடுத்தாரா என்பதுதான் கேள்வி.

ஆனால் டாக்டர் ஐயா, தெரிந்த சிக்கல் என்றால் முன்கூட்டிச் சொன்னார்களா? சம்மதப் படிவத்தில் இருக்கிறதா? 2008 சமீரா கோலி தீர்ப்பு அதற்குத்தான். அப்புறம், கை தூக்க முடியவில்லை என்று இரண்டு தடவை வந்தவரை எக்சர்சைஸ் சொல்லி அனுப்பினது? அறுபட்ட நரம்பைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் தைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு, நாள் ஆக ஆக அது குறையும் என்பது நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டிய விஷயம். அந்த இரண்டு வருகையின் ஓபி சீட்டுகள் எங்கே, தங்கச்சி?

கேஸ் ஷீட் முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதி இருக்கிறது. மூன்று வருடம்தான் அவர்கள் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள், உங்களுக்கு ஒன்றரை வருடம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

16.02.2024, சாயங்காலம்

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கணக்குப் பைத்தியத்தில் விட்டுவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட இரண்டு வருடம்தான் கெடு. ஜூலை தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கெஞ்ச வேண்டிவரும். ஆடி நோம்பிக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

19.02.2024

துண்டு துண்டாக வந்த கேள்விகளுக்கு:

எங்கே போடுவது? 2019 சட்டப்படி நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டின தொகையை வைத்துத்தான் எந்த ஆணையம் என்பது. 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம். 38,000 கட்டினவர் 45 லட்சம் இழப்பீட்டை மாவட்டத்திலேயே கேட்கலாம். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

எங்கள் காலத்தில் அப்படி இல்லை. கேட்கிற இழப்பீட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள், மாவட்டத்துக்கு 20 லட்சம்தான் எல்லை. மேலே போனால் சென்னை. எங்கள் வக்கீல் 'சென்னைக்கு யாருங்க அலையறது' என்று 19,50,000க்கு மனுவைச் சுருக்கிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் பார்த்தால்? அதுவும் நுகர்வோர்தான், 2007 கிஷோர் லால் தீர்ப்பு. சம்பளத்தில் பிடிக்கிறார்களே. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி இதில் வராது, அதற்கு சிவில் கோர்ட்டோ ஹைகோர்ட்டோதான். 1995 சாந்தா தீர்ப்பில் இருந்து அப்படித்தான்.

ஐந்து கோடி கொடுத்தார்களாமே? ஆமாம், 2013, குணால் சாஹா வழக்கு. அமெரிக்காவில் இருந்து கல்கத்தா வந்த மனைவி 1998இல் வைத்தியக் கோளாறில் இறந்தார். வருட வருமானம் 40,000 டாலர் என்று எடுத்து, 30 சதவீதம் கூட்டி, மூன்றில் ஒன்று கழித்து, 30 வருடத்தால் பெருக்கி, டாலருக்கு 55 ரூபாய் போட்டார்கள். வருமான இழப்பு மட்டும் 5,72,00,550. வைத்திய வழக்கில் மல்டிப்ளையர் பட்டியலுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதும் அந்தத் தீர்ப்புதான். உங்கள் வக்கீலுக்கு இதைச் சொல்லுங்கள். டாலரை மட்டும் கனவு காணாதீர்கள்.

பிஎஃப் பிடித்தால் நிரந்தர வேலைதானே, 40க்குப் பதில் 50 சதவீதம் கூட்டலாமே? கேட்டுப் பார்க்கலாம். எனக்கு 40 வந்தாலே போதும், ஏனென்றால் தம்பிக்குக் கூட்டலே இல்லை. அவன் உத்தரவு வந்தது 2016, பிரணய் சேத்தி வந்தது 2017 அக்டோபர் 31. ஒரு வருஷம்.

22.02.2024

பல்லடத்து அண்ணனுக்கு, அவர் அக்காவின் வழக்கைப் பற்றிக் கேட்டதற்கு: உங்கள் அக்கா 'வீட்டிலதான் இருக்கு, வருமானம் இல்லை' என்று எழுதாதீர்கள். முதலாவது, வீட்டு வேலைக்கே மதிப்புப் போட வேண்டும் என்று 2021இல் கீர்த்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இரண்டாவது, எருமை மூன்று இருக்கிறது என்கிறீர்கள். பால் யார் கறந்தார்கள்? சொசைட்டி அட்டை யார் பேரில்? எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, பத்து நாளுக்கு ஒருமுறை எவ்வளவு பட்டுவாடா என்று தேதிவாரியாக அதில் இருக்கிறது. இந்த ஜில்லாவில் பாதி டெய்லர்களிடம் அப்படி ஒரு காகிதம் கிடையாது. எருமைக்காரி பனியன் கம்பெனிக்காரனைவிட ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறாள்.

24.02.2024, நடுராத்திரி

கவர் சம்பளத்தை நிரூபிப்பது எப்படி என்று தங்கச்சி மறுபடி கேட்டிருக்கிறார். முதலாளி கடிதம் தர மறுக்கிறாராம். தர மாட்டார். 28,000 கொடுத்தேன் என்று எழுதினால் 12,000க்கு மட்டும் ஏன் பிஎஃப் கட்டினாய் என்று அடுத்த நோட்டீஸ் அவருக்கு வரும்.

சுற்றி வளைத்துத்தான் காட்ட வேண்டும். சீட்டுக் கட்டின புத்தகம், வீட்டு வாடகை, வண்டித் தவணை, எல்ஐசி பிரீமியம், பிள்ளை பள்ளிக் கட்டணம்: 12,000 சம்பளக்காரன் மாதம் 19,000 எப்படிக் கட்டினான் என்று ஆணையமே கேட்டுக்கொள்ளும். கூட வேலை பார்த்த மாஸ்டர் ஒருவர், இப்போது வேறு கம்பெனியில் இருப்பவர், சாட்சிக்கு வந்தால் நல்லது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் போடுகிற சம்பள ஒப்பந்தத்தின் நகலையும் வையுங்கள், சம்பளம் ஏறும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எத்தனை ஷிப்ட், எத்தனை ஒன்றரை ஷிப்ட் என்று வீட்டுக் காலண்டரில் குறித்து வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பழைய காலண்டரைத் தேடுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எப்படித் தெரியும் என்று கேட்டால், சரி, சொல்லிவிடுகிறேன். தம்பி வேலை பார்த்தது நான் கணக்கு எழுதின கம்பெனியில். ஒன்றரை ஷிப்ட் சேர்த்து மாதம் 14,000 வாங்கினான். ஸ்லிப்பில் 6,500. ஸ்லிப்பை அடித்தது நான், கையெழுத்தும் நான். குறுக்கு விசாரணையில் அந்த வக்கீல் ஸ்லிப்பை என்னிடம் நீட்டி 'இது உங்க கையெழுத்துங்களா' என்றார். ஆமாங்க என்றேன். 'அப்ப பொய்யா எழுதினீங்களா' என்றார்.

6,500ஐயே எடுத்தார்கள். வருடம் 78,000, பிழைப்பில் போனது நாற்பது சதவீதம், எண் 17: 5,30,400. 14,000ஆக இருந்திருந்தால் 11,42,400. அந்த வித்தியாசம் யார் கையெழுத்தால் போயிற்று என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

03.03.2024

அப்பீல், வட்டி எல்லாம் பற்றிக் கேட்டவர்களுக்கு: எதிர்த்தரப்பு அப்பீல் போனார்கள், பணம் வந்தது 2019இல், வட்டியோடு. அந்தப் பணத்தில் தம்பி ஜாப் ஒர்க் யூனிட் வைக்கவில்லை, அதற்கு நாலு மிஷினுக்குக் கொட்டேஷன் வாங்கி 2011இலேயே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தான். அதை நாங்கள் மனுவில் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தாலும் முதலாளி ஆகியிருப்பான் என்று எந்த ஆணையமும் பணம் கொடுத்திருக்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயம் இல்லை. பாங்கில் கடன் விண்ணப்பம், ஷெட் அட்வான்ஸ் ரசீது என்று இரண்டு காகிதம் கூட இருந்திருந்தால் உழைத்து மேலே வருகிற ஆள் என்றாவது காட்டியிருக்கலாம். தங்கச்சி வீட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

11.03.2024

இருக்கிறதாம்! காலண்டர் இல்லை, அதைவிட நல்லது: பரணில் மூன்று நோட்டு. தினமும் எந்த ஸ்டைல், எத்தனை லே, எத்தனை பீஸ், சனிக்கிழமை வாங்கினது எவ்வளவு என்று 2019இல் இருந்து பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். போட்டோ அனுப்பினார்கள். ஒரு பக்கத்தில் கூட்டல் தப்பு, 40 ரூபாய் குறைவாகப் போட்டிருக்கிறார். திருத்தாதீர்கள் தங்கச்சி, அப்படியே இருக்கட்டும். வழக்குக்காக எழுதினவன் தனக்குக் குறைவாகக் கூட்ட மாட்டான்.

02.04.2024

சம்பள ஸ்லிப் அடிக்கிற வாரம். முழுச் சம்பளத்தையும் பாங்கில் போட்டுவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "ஏனுங்க திடீர்னு" என்றார். இன்னும் பதில் வரவில்லை.

18.04.2024

மனு நகலைப் பார்த்தேன் தங்கச்சி. 45 லட்சத்துக்குப் போட்டிருக்கிறார்கள், கணக்கு சரி. ஆனால் மூன்றாம் பக்கத்தில் சம்பவ நாள் வயது 36 என்று டைப் அடித்திருக்கிறார்கள். 34 என்று திருத்தச் சொல்லுங்கள், பள்ளிச் சான்றிதழ் நகலையும் வையுங்கள். நாளைக்கே போன் போடுங்கள்.